கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னவர்

மார்கழி முதல் வாரம். காலை பத்தரை மணி இருக்கும். பொங்கல் விடுமுறைக்குக் கடலோரமாக எங்காவது போய்வர வேண்டும் என்று திருநள்ளாற்றிலிருந்து வந்த ஒரு குடும்பம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. கணவன், மனைவி, கணவனின் தாயார். அந்த அம்மாளுக்குப் படி ஏற முடியுமா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த கலியபெருமாள் சாரின் மனைவி விஜயா அக்கா. அவர் எனக்கு அதிகம் போன் செய்பவர் அல்ல. எடுத்ததும், "மாலதி, அவரு போயிட்டாரும்மா" என்றார்.

விடியற்காலையில் வயலுக்குப் போய் மழைத்தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கால் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டிருக்கிறார். அக்கா காபியோடு வந்தபோது தலை சுவரில் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தபோதும் அது அப்படியே இருந்தது.

போனை வைத்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்று அந்தக் குடும்பத்திடம் சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார் அந்த மனிதர். சொன்னேன். அவர் எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு போக ஓர் ஊர் சொன்னவர் அவர்தான் என்றார்.  இதைப் படிக்கும் உங்களிலும் பலர், காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன டிராவல்ஸ் அலுவலகத்தில் அவருக்கு எதிரே ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்காகவும்.

கலியபெருமாள் சார் நெரவிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஏறக்குறைய ஓர் ஏக்கர் வரும் மூன்று மா நிலமும் ஒரு பசுவும் உள்ள வீடு. காலையில் வயல் வேலையை முடித்துவிட்டு டிவிஎஸ் வண்டியில் ஒன்பதே முக்காலுக்கு அலுவலகம் வந்துவிடுவார். பேருந்து, ரயில், தங்கும் இடம், கார், எல்லாவற்றுக்கும் முன்பதிவு செய்து தருவதுதான் எங்கள் வேலை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கோட்டுச்சேரியிலிருந்து வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு அடுத்த மேசை எனக்குக் கிடைத்தது. முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். கடற்கரைக்குப் போக வேண்டும் என்று யாராவது வந்தால், எந்த ஊர் என்று அவர் முதலில் கேட்கமாட்டார். "கடலுக்குப் போயி என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பார். பலருக்கு இந்தக் கேள்வி விளங்காது. குளிக்கவா, வெறுமனே உட்கார்ந்திருக்கவா, மீன் சாப்பிடவா, பிள்ளைகள் மணலில் விளையாடவா, பத்து நாள் யாரிடமும் பேசாமல் இருக்கவா என்று அவர் விளக்கியதும் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரே வீட்டிலிருந்து வந்த நான்கு பேரும் நான்கு பதில் சொல்வார்கள். நம் ஊரிலேயே கடல் இருக்கும்போது காசு செலவழித்து இன்னொரு கடலுக்கு ஏன் போக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கேட்பார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நம் ஊர் கடலில் நம்மை எல்லோருக்கும் தெரியும் என்பார்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் சார் போன பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். சம்பா அறுவடை முடிந்த கையோடு, மாசி மாதத்தில், முருகையன் என்பவர் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் வந்தார். நெரவிப் பக்கம்தான். சாருக்குத் தூரத்துப் பழக்கம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மனைவியை எங்கும் அழைத்துப் போனதில்லை, மூன்று நாள் எங்காவது கடலோரம் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்றார். மனைவி சாந்தி, கூட்டம் இல்லாத ஊராக இருந்தால் நல்லது என்று மெல்லச் சொன்னார். சார் இரண்டு மூன்று ஊர்களைச் சொன்னார். எல்லாமே கூட்டமான ஊர்கள். அப்போதுதான் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்திருந்தது, எனக்கு அதில் கை ஓடும். தேடினேன். ஒரு படம் கிடைத்தது. நீல நிறத்தில் தண்ணீர், வெள்ளை மணல், ஒரு மனிதர்கூட இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அமைதியான கடற்கரை என்று எழுதியிருந்தார்கள். திரையைத் திருப்பிக் காட்டினேன். சாந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சார் கொஞ்சம் தயங்கினார். அந்த ஊர் தெரிந்தவர் யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள் சார் என்று நான் சொன்னேன். அவர் வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சரி, போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் முன்பதிவு செய்தேன்.

அவர்கள் போன மூன்றாம் நாள் மத்தியானம் செய்தி வந்தது. முருகையன் நன்றாக நீந்தத் தெரிந்தவர். வாய்க்காலிலும் ஆற்றிலும் வளர்ந்தவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று மகளுக்குக் கையசைத்திருக்கிறார். ஓர் அடி பின்னால் வைத்திருக்கிறார். அங்கே தரை இல்லை. கரையில் உதவிக்கு ஒருவரும் இல்லை. நாங்கள் தேடிக் கொடுத்த அமைதி அதுதான்.

அந்த ஊரின் பெயரை சார் அதன்பிறகு உச்சரித்ததில்லை. நானும் எழுதப்போவதில்லை. தவறு ஊருடையது அல்ல.

முதலாளி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். யார் சொன்ன ஊர் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார், "நான் சொன்னதுங்க" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலையே அவர் தனியாக முருகையன் வீட்டுக்குப் போனார். உறவுக்காரர்கள் திட்டினார்கள் என்றும், ஒருவர் சட்டையைப் பிடித்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் பொத்தான் இல்லாத சட்டையோடு அவர் வேலைக்கு வந்தார் என்று சொன்னால் அது கதைபோல இருக்கும். வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். ஆனால் கழுத்தில் நகம் கீறிய தடம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, யாரும் இல்லாத நேரத்தில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார் என்றேன். அவர் பேனாவை மூடினார். "ஊரக் காட்டினது நீங்க. சரின்னு சொன்னது நானு. சரின்னு சொன்னவன்தாம்மா பொறுப்பு. இதோட விடுங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். எனக்கு அப்போது கைக்குழந்தை, வேலை போய்விடுமோ என்ற பயம், இன்னும் பல காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் போதுமான காரணம் ஆகவில்லை.

அதன்பிறகு அவர் மாறினார். தான் கண்ணால் பார்க்காத கடற்கரையை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார். மாதத்தில் ஒன்றிரண்டு வாரம் சனிக்கிழமை மாலையே பேருந்து ஏறி ஏதாவது ஒரு கடலோர ஊருக்குப் போய்விடுவார். தண்ணீரில் விளையாடுவதற்கு அல்ல. ஒரு முறை நானும் என் கணவரும் பையனும் ஒரு கல்யாணத்துக்காகப் போன ஊரில் அவரைத் தற்செயலாகக் கடற்கரையில் பார்த்தோம். உச்சி வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் எந்தப் பக்கம் குளிப்பார்கள், ஈரத் துணி மாற்ற மறைவான இடம் உண்டா, கழிப்பறை பூட்டியிருக்குமா திறந்திருக்குமா, மத்தியானம் சைவச் சாப்பாடு கிடைக்குமா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கூச்சப்பட்டார். தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம், பையனைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் சுழல் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடலைப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கோட்டுச்சேரிமேட்டில் மீன்பிடிக்கும் அஞ்சப்பன். சாரைவிடப் பத்து வயது சின்னவர். படகு பழுதாகிக் கரையில் இருந்த நாட்களில் சார் அவரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாராம். ஒருமுறை வழியில் இறங்கி நானும் போனேன். அலைகளைக் காட்டி அஞ்சப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். "அலை ஒடையிற எடத்துல மணல் மேடு இருக்குங்க. ஒடையாம சும்மா கெடக்குது பாருங்க, அங்கதான் ஆழம். தண்ணி திரும்பிப் போற வழி அது. வெளியூரு ஜனங்க அதப் பாத்துட்டு அமைதியா இருக்குன்னு எறங்கிடுறாங்க." சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போது நான் கணினியில் காட்டிய படத்தை நினைத்துக்கொண்டேன். அதில் அலையே இல்லை. அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். 

அவர் எல்லோரையும் கடலுக்கு அனுப்பிவிடவும் இல்லை. ஒரு கோடையில் பள்ளி ஆசிரியர்களான தம்பதி வந்தார்கள். கணவர் பேசிக்கொண்டே இருந்தார், மனைவி நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். சார் அவரை எழுப்பாமல், கணவரிடம் தாழ்ந்த குரலில், இவங்களுக்குத் தேவை கடல் இல்லை சார், தூக்கம் என்றார். ஊரிலேயே இருங்கள், ஒரு வாரம் சமையலுக்கு ஆள் வையுங்கள் என்று அனுப்பிவிட்டார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. இப்படி அனுப்பினால் கடையை மூட வேண்டியதுதான் என்று சத்தம் போட்டார். அந்தத் தம்பதி அடுத்த வருஷம் வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும் வந்தார்கள்.

இன்னொருவர் பிரான்சில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் இங்குள்ள பூர்வீக வீட்டுக்கு வருவார். ஒரு வருஷம் பேரப்பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். வக்கான்ஸுக்கு வந்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு அங்கே இருப்பதுபோல ஒரு கடற்கரை காட்டுங்கள் என்று கேட்டார். விடுமுறையை அவர் அப்படித்தான் சொல்வார். பெரிய ஓட்டல், நீச்சல் குளம், மணலில் சாய்வு நாற்காலி, அவர் கேட்டது அதெல்லாம். சார் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார். பெரிய பெண் தட்டுத்தடுமாறித் தமிழில், தாத்தா சின்ன வயதில் குளித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள்.  அவர்களுக்கு அன்று எந்த ஊரும் முன்பதிவு ஆகவில்லை. சாயங்காலம் எல்லோரும் காரைக்கால் கடற்கரைக்கே போனார்கள். சார் அவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். தண்ணீரில் எந்த இடம் வரைக்கும் போகலாம் என்று ஆட்டோக்காரரிடமும் சொல்லி அனுப்பினார்.

முருகையன் இறந்து ஒன்பது வருஷம் ஆன பிறகு, ஒரு சித்திரை மாதக் காலையில், சாந்தி எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார். கூடவே மகள் அபிநயா. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள்.  சாந்தி என்னை ஒருமுறை பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சாருக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

சுற்றி வளைக்கவில்லை. மகள் கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறாள் என்றார். அந்த நாளுக்குப் பிறகு தாங்கள் காரைக்கால் கடற்கரைக்குக்கூடப் போனதில்லை, பேருந்து அந்தப் பக்கம் திரும்பினால் தான் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம் என்றார். பிறகு, "எனக்குப் பயமாத்தாங்க இருக்கு. எம் பயம் அவளுக்கும் வந்துடக்கூடாது. நீங்க ஒரு ஊரு சொல்லுங்க, போறோம்" என்றார்.

 "எங்கிட்டயா கேக்கறீங்க?" என்றார் சார்.

"உங்களவிட பயந்து பாத்துச் சொல்றவங்க வேற யாருங்க இருக்கா?" என்றார் சாந்தி.

இரண்டு வாரம் அவகாசம் கேட்டார் சார். அந்த இரண்டு வாரமும் அவர் மேசையில் வேறு வேலை நடக்கவில்லை. நான் ஊர்ப் பெயர்களைச் சொல்வேன், அவர் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். தரங்கம்பாடி வேண்டாம், அது இதே கடல், இதே சத்தம். கன்னியாகுமரி பார்க்க அழகு, ஆனால் அந்தப் பெண் தண்ணீரில் இறங்க ஆசைப்படுகிறாள், அங்கே பாறை. கோவளத்தில் அலை அதிகம். ராமேசுவரத்தில் கடல் குளம்போல இருக்கும், அது சரியாக இருக்குமே என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அங்கே போனால் செத்தவர்களுக்குத் திதி கொடுக்கும் கூட்டத்துக்கு நடுவில்தான் நிற்க வேண்டும், அவர்கள் போவது அதற்கல்ல என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

கடைசியில், ராமேசுவரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குப் போனார். ஞாயிறு காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல் கேட்டது. "மாலதிம்மா, நூறு அடி உள்ள வந்துட்டேன். இன்னும் இடுப்புக்கு வரல." கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அங்கே இரண்டு பக்கமும் கடல். வடகடல், தென்கடல் என்று சொல்வார்கள். தென்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அசையாமல் கிடக்கும். வாடைக் காற்றில் அப்படியே மாறிவிடும். வைகாசிக்கு வடகடல்தான் என்று அங்குள்ள மீனவப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை நம்பிவிடாமல் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் அவரே இறங்கி நடந்து பார்த்துவிட்டு அன்றிரவு ஊருக்குப் பேருந்து ஏறினார். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, சாந்தி தண்ணீரில் இறங்காவிட்டாலும் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம், இடையில் மறைக்க எதுவும் இல்லை என்றார். அவர் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

வைகாசியில் அவர்கள் போனார்கள். அந்த நான்கு நாளும் சார் சரியாகச் சாப்பிடவில்லை. கைபேசியை மேசைமேல் திரை தெரியும்படி வைத்திருந்தார். அவர்களை அவர் ஒருமுறையும் கூப்பிடவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் அபிநயா மட்டும் வந்தாள். முகமும் கையும் வெயிலில் கறுத்திருந்தன. முதல் இரண்டு நாள் அம்மா தோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்றாள். தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். ஒவ்வொரு தடவையும் இவள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மூன்றாம் நாள் கூப்பிடும் சத்தம் நின்றுவிட்டது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். அழுதாரா என்று நான் கேட்டேன். இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னார் என்றாள். சார் எழுந்து, குடிக்கத் தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனார். அபிநயா கிளம்பும்வரை அவர் வெளியே வரவில்லை. முழங்கால் வலி என்று அடுத்த வருஷமே வேலையிலிருந்து விலகினார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஐப்பசியில், நெரவியில் ஒரு காதுகுத்து வீட்டில். இளைத்திருந்தார். வயலைப் பற்றியே பேசினார். இத்தனை ஊர் பார்த்தீர்களே சார், அக்காவை எங்கேயாவது அழைத்துப்போனீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. எல்லா ஊருக்கும் வேலையாகத்தான் போனேன், கூட ஒரு ஆள் இருந்தால் கவனம் சிதறிவிடும் என்று நினைத்துவிட்டேன் என்றார். பக்கத்திலிருந்த விஜயா அக்கா, அவர் பலதடவை கூப்பிட்டார், மாட்டை யார் பார்ப்பது என்று நான்தான் போகவில்லை என்றார். இருவரில் யார் யாருக்காகச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போயிருந்தேன். சாந்தியும் வந்திருந்தார். பந்தலின் ஓரத்தில் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு நின்றிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. நான் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு அந்த ஊர நான்தாங்க காட்டினேன். சார் இல்ல. எனக்காக அவரு ஏத்துக்கிட்டாரு" என்றேன்.

சாந்தி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். அப்படியா என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், பந்தலுக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

"மாசி மாசம் தெவசத்தன்னிக்கு வருஷம் தவறாம எங்க வீட்டுக்கு வருவாரு. மொத வருஷம் எனக்குப் புடிக்கல. வராதீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். மறு வருஷமும் வந்தாரு. உள்ள வராம வாசல்லயே நின்னுட்டுப் போனாரு. மூணாவது வருஷம் நான்தான் உள்ள வரச் சொன்னேன். வந்து கீழ உக்காருவாரு. ஒண்ணும் பேசமாட்டாரு. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. பன்னெண்டு வருஷமா அப்படித்தான்."

என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு வருஷம்கூட வரலையேங்க."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாசியில் ஒரு நாள் அவர் விடுப்பு எடுப்பார். குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார் என்று அடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு நானாகவே நினைத்திருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். வரும் மாசியில் வரலாமா என்று கேட்டேன்.  அபிநயா தேதியைச் சொல்லுவாள் என்றார் சாந்தி. காலையில் வேண்டாம், உறவுக்காரர்கள் இருப்பார்கள், படையல் முடிந்து சாயங்காலமாக வாருங்கள் என்றார்.

அவரிடம் ஊர் கேட்டுப் போய்வந்த நீங்கள் ஒவ்வொருவரும் அவரை ஒவ்வொரு விதமாக நினைவு வைத்திருப்பீர்கள். நல்ல கடற்கரையைச் சொன்னவர், சாப்பாடு கிடைக்கும் இடத்தைச் சொன்னவர், தண்ணீரில் எத்தனை அடி போகலாம் என்று சொன்னவர். அதெல்லாம் எனக்கும் உண்டு. அவர் நாற்காலியில் இப்போது நான்தான் உட்கார்கிறேன், பார்க்காத ஊரைச் சொல்வதில்லை. ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று வந்திருப்பது ஒரு வீட்டின் வாசல். போய் நிற்க வேண்டும். உள்ளே வரச் சொன்னால் போய் உட்கார வேண்டும். சொல்லாவிட்டால் நின்றுவிட்டு வர வேண்டும். அதற்கு அடுத்த வருஷமும் போக வேண்டும். நெரவியில் பேருந்தை விட்டு இறங்கி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டுப் போய்க்கொள்வேன்.